களிமண் கொலு பொம்மை நேரா செய்றவங்ககிட்டயே வாங்கணும், யாராச்சும் சொல்லுங்க

வணக்கம் மக்களே, போன வருஷம் கொலுவுக்கு ஒரு கடையில தசாவதாரம் செட்டு வாங்கினேன், பளபளன்னு இருக்கேன்னு ஆசையா வாங்கிட்டு வந்து வீட்ல திருப்பி பாத்தா அடியில சைனா ஸ்டிக்கர், அதுல நரசிம்மர் மூஞ்சி வேற பூனை மாதிரி இருக்கு (மாமியார் இன்னும் அத சொல்லிக் காட்டுறாங்க). பாட்டி காலத்து பண்ருட்டி செட்டியார் பொம்மை இன்னும் பெயிண்ட் கூட போகாம இருக்கு. அதான் இந்த தடவ பண்ருட்டி இல்லனா மதுரை விளாச்சேரிக்கே நேர்ல போலாம்னு இருக்கேன், எந்த மாசம் போனா நல்லது, சில்லறையா ரெண்டு செட்டு குடுப்பாங்களா, பஸ்ல உடையாம எப்படி கொண்டு வர்றது? அப்படியே கார்த்திகைக்கு சக்கரத்துல செஞ்ச அகல் ஒரு 50 வேணும், பேட்டரி விளக்கு வேணாம்ப்பா.