ஆர்க்டிக் கடலடிச் சேற்றின் மரபணுத் தரவு – யாராவது கைகொடுப்பீர்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். இறுதியாண்டு ஆய்வுக்காக ஆர்க்டிக் கடலடிப் படிவு நுண்ணங்கிகளின் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுத் தரவை (எந்த நுண்ணங்கி என்று இனம் காண உதவும் மரபணு) என்சிபிஐ என்ற பொது மரபணுத் தரவுத் தளத்தில் இருந்து இறக்கி வைத்திருக்கிறேன். நந்திக்கடல் பக்கத்திலேயே கிடக்க ஆர்க்டிக் சேறு எதற்கு என்று வீட்டில் சிரிக்கிறார்கள், ஆனால் 2015இல் அறிவிக்கப்பட்ட லோகி ஆர்க்கியா என்ற நுண்ணங்கி, அதாவது நம்மைப் போன்ற கருவுள்ள உயிர்களுக்குக் கிட்டிய சொந்தம், அந்த ஆர்க்டிக் சேற்றில்தான் அகப்பட்டது.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். டாடா2 (மரபணு வரிசைகளில் உள்ள பிழைகளைக் களையும் மென்பொருள்) வரை ஒழுங்காகப் போகிறது. சில்வா என்ற ஆர்ஆர்என்ஏ ஒப்பீட்டுத் தரவுத்தளத்தை வைத்து இனம் பிரிக்கத் தொடங்கினால், என் லாப்டொப்பில் 8 ஜிபி ராம் மட்டும் என்பதால், கொஞ்ச நேரம் திணறிவிட்டு 'கில்ட்' (Killed) என்று ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது. தரவைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் சரிவருமா, அல்லது 16எஸ் மரபணுவின் வி4 என்ற பகுதியை மட்டும் வெட்டிய வகைப்படுத்தியை (இனம் பிரிக்கும் கருவியை) போடவா?

அதைவிடப் பெரிய தலையிடி இது. சிறிய தரவுத்தளம் ஒன்றை வைத்துப் பார்த்தபோது ஆழமான அடுக்குகளில் கியூட்டிபாக்டீரியம், ரால்ஸ்டோனியா எல்லாம் வருகின்றன. முதலாவது மனிதத் தோலில் இருப்பது, மற்றது டிஎன்ஏ பிரிக்கும் கிட்களில் அடிக்கடி ஒட்டி வருவது. ஆழத்தில் உயிர்கள் குறைவு என்பதால் மாசு பெரிதாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். வெற்று மாதிரி (சேறு போடாமல் அதே முறையில் செய்து பார்ப்பது) ஒன்றும் பதிவேற்றப்படவில்லை, அது இல்லாமல் எதை நீக்குவது, எதை விடுவது? அப்புறம், குளிரில் செத்த உயிரின் டிஎன்ஏயும் நெடுங்காலம் அழியாமல் கிடக்குமே, அதை அறிக்கையில் எப்படிக் கையாண்டீர்கள்?

இதே வேலை செய்தவர்கள் கீழே எழுதுங்கள். சேர்வர் வசதி உள்ளவர்கள் ஒருக்கா ஓட்டித் தந்தாலும் பெரிய உதவி, கோப்புகளை அனுப்பிவிடுகிறேன்.