104 கிலோ, கோத்தகிரி ஏற்றம்: எந்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குவது?

தேயிலைத்தொப்பை (கோத்தகிரி), திங்கள்

வணக்கம். வயது 43, எடை 104 கிலோ. சர்க்கரை பார்டரில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதனால் சைக்கிள் வாங்கினேன். நேரான ஹேண்டில்பார் வைத்த ஹைபிரிட் வண்டி. ஆறு வாரம் ஆகிறது. மூச்சு பழகிவிட்டது, கால் பழகிவிட்டது, உட்காரும் இடம் மட்டும் பழக மாட்டேன் என்கிறது.

இங்கிருந்து கோடநாடு காட்சிமுனை 18 கிலோமீட்டர். பாதி தூரம் போய்த் திரும்பினாலே தொடை இரண்டும் உரசுகிற இடத்தில் தோல் வழண்டு போகிறது. ராத்திரி குளிக்கும்போது வெந்நீர் பட்டால் தெருவே கேட்கும்.

இணையத்தில் 900 ரூபாய்க்கு 'ஜெல் பேட்' ஷார்ட்ஸ் (உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்தது) ஒன்று வாங்கினேன். என் பேன்ட் அளவு 40, அதற்கு அவர்கள் சொன்ன அளவு 2எக்ஸ்எல். போட்டுக்கொண்டு குனிந்தால் இடுப்பு எலாஸ்டிக் பாய் சுருட்டுகிற மாதிரி சுருண்டு தொப்பைக்கு அடியில் போய்விடுகிறது. கால் ஓரத்து ரப்பர் பட்டை தொடையில் போட்ட சிவப்புக் கோடு மறுநாள் காலையிலும் இருந்தது. பேட் நடுவில் மடிந்து கயிறு மாதிரி நிற்கிறது.

இன்னும் தடிமனான பேட் வாங்கட்டுமா? தோளில் பட்டி மாட்டுகிற பிப் ஷார்ட்ஸ் என்று ஒன்று சொல்கிறார்கள், என்னைப் போன்ற உடம்புக்கு அது சரிவருமா? வீட்டுக்காரம்மாவிடம் அதன் படத்தைக் காட்டினேன், அவர் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

பழையசெயின் (காரமடை), திங்கள்

தம்பி, ஷார்ட்ஸே வேண்டாம். நான் மில்லுக்கு 22 வருஷம் சைக்கிளில் போனவன், போக வர 18 கிலோமீட்டர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. எனக்கு எந்த ஜெல்லும் தேவைப்படவில்லை. தோல் சீட், அடியில் ஸ்பிரிங், அவ்வளவுதான். சீட் சரியாக இருந்தால் கோவணம் கட்டிக்கொண்டும் ஓட்டலாம். சரியில்லை என்றால் மெத்தையையே இடுப்பில் கட்டினாலும் வலிக்கும். 900 ரூபாயைத் தண்ணீரில் போட்டது போதும், ஷார்ட்ஸை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள்.

ஹேர்பின்பைத்தியம் (குன்னூர்), திங்கள்

ஐயா சொல்வது காரமடைக்குச் சரி. மலைக்குச் சரிவராது.

முதல் காரணம், நீங்கள் ஓட்டிய வண்டியில் முதுகு நிமிர்ந்திருக்கும். உடம்பின் கனம் முழுக்க உட்காரும் எலும்பு இரண்டின்மேல் இறங்கும், தோல் சீட்டும் வருஷக்கணக்கில் உங்கள் உடம்புக்கு ஏற்றபடி குழிந்திருக்கும். ஹைபிரிட்டில் ஆள் முன்னால் சாய்கிறார், அழுத்தம் மென்மையான சதைக்கு நகர்கிறது.

இரண்டாவது, ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேல் உயரம். நூறு கிலோ ஆள் அதில் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் போவார். சமதளத்தில் நாலு மிதி மிதித்துவிட்டு எழுந்து நிற்கலாம், வண்டி தானாக உருளும். காட் ரோட்டில் மிதியை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். எடை கூடியவர்கள் எழுந்து மிதிக்கவும் முடியாது, இரண்டு நிமிஷத்தில் மூச்சு போய்விடும். ஆக மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, காற்றே படாமல், வேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு மிதிக்கும் தொடை உரசுகிறது. வேட்டி இதற்குப் பதில் சொல்லாது.

தொப்பை அண்ணா, பிப் வாங்குங்கள். இடுப்பில் எலாஸ்டிக் கிடையாது, சுருள என்ன இருக்கிறது? பட்டி தோளில் நிற்பதால் பேட் இடம் மாறாது. தொப்பை உள்ளவர்களுக்குத்தான் பிப் அவசியம். ஒல்லியானவன் எதைப் போட்டாலும் நிற்கும்.

கட்டபெட்டு_கறுப்புடீ, திங்கள்

எல்லாரும் ஏதேதோ சொல்கிறீர்கள். டீயோடு தின்கிற வர்க்கி பிஸ்கட்டை நிறுத்தினால் ஷார்ட்ஸ் பிரச்சினை தானாகத் தீரும்.

மலைச்சாரல் (ஊட்டி), திங்கள்

எடையைக் குறைக்கத்தான் மனிதர் சைக்கிள் ஓட்டுகிறார். குறைத்துவிட்டு வந்து ஓட்டு என்றால், மாவு புளித்த பிறகு உளுந்து ஊறப்போடச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

அண்ணா, முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போட்டிருந்தீர்களா?

தேயிலைத்தொப்பை, திங்கள்

போட்டிருந்தேன். போடாமல் எப்படிங்க?

ஹேர்பின்பைத்தியம், திங்கள்

அட ஆண்டவா.

மலைச்சாரல், திங்கள்

பேட் வைத்த ஷார்ட்ஸே உள்ளாடைதான். அதற்குள் இன்னொன்று போட்டால், ஜட்டியின் கால் ஓரத் தையல் நேராக அந்த உரசுகிற இடத்தில்தான் உட்காரும், வேர்வையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் புண்ணில் பாதி அந்தத் தையல் போட்டதாக இருக்கும். வெளியே போகக் கூச்சமாக இருந்தால் மேலே ஒரு தொளதொள டிரவுசர் போட்டுக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான், டீக்கடையில் நிற்க வேண்டுமே.

அடுத்தது அளவு. 'என் பேன்ட் அளவு 40' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்கள் எல்லாரும் சொல்கிற பொய் இது. பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறீர்கள், அந்த இடத்தின் அளவு 40. டேப்பை எடுத்துத் தொப்புளைச் சுற்றி அளந்து பாருங்கள். இடுப்பில் அகலமான இடத்தையும், தொடையின் பருமனான இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். மூன்றையும் வைத்துத்தான் ஷார்ட்ஸ் வாங்க வேண்டும்.

நான் 92 கிலோவில் தொடங்கினேன், இப்போது 84. எனக்குச் சரிவந்தது பிப் இல்லை. இடுப்பு உயரமாக, தொப்புளுக்கு மேலே ஏறுகிற, நாலு விரல் அகலப் பட்டை வைத்த ஷார்ட்ஸ். மெல்லிய எலாஸ்டிக்தான் சுருளும், அகலப் பட்டை சுருளாது. கால் பக்கம் நீளம் வேண்டும், முழங்காலுக்குச் சற்று மேலே வரை. குட்டையானது மேலே ஏறிவிடும், அப்புறம் தோலும் தோலும்தான் உரசும்.

பிப் போட்டால் அவசரத்துக்கு ஒதுங்க முழுச் சட்டையையும் கழற்ற வேண்டும். தொட்டபெட்டா பக்கம் டிசம்பர் காலையில் தேயிலைச் செடிக்குப் பின்னால் நின்று அதைச் செய்து பார்த்துவிட்டு வந்து பிப்பைப் பற்றிப் பேசுங்கள், ஹேர்பின்.

ஹேர்பின்பைத்தியம், செவ்வாய்

பெண்களுக்கென்று பின்பக்கம் இறக்குகிற பிப் வந்துவிட்டது அக்கா. ஆனால் கேட்டவர் ஆண். முன்பக்கத்தை இழுத்து இறக்கினால் அவர் வேலை முடிந்தது.

மலைச்சாரல், செவ்வாய்

தொப்பை உள்ளவரின் முன்பக்கத்தை இழுத்து இறக்குவது உங்களுக்குச் சுலபமாகத் தெரிகிறது. பட்டியின் நீளம் உயரத்தைப் பொறுத்தது, வயிற்றின் சுற்றளவைப் பொறுத்தது இல்லை. குள்ளமும் பருமனுமாக இருப்பவர் வயிற்றுக்காக 3எக்ஸ்எல் எடுத்தால் பட்டி தொங்கும். உயரமானவருக்கு வயிற்றுக்கே துணி போய்விடும், பட்டி தோளை அறுக்கும். போட்டுப் பார்க்காமல் பிப் வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

பழையசெயின், செவ்வாய்

துணியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சீட் உயரத்தை யாராவது கேட்டீர்களா?

தம்பி, சுவரில் சாய்ந்தபடி வண்டியில் ஏறி உட்கார். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வை. கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் இறங்கக் கூடாது. இறங்கினால் சீட் உயரம் அதிகம். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும், அம்மிக்கல்லில் குழவி ஓடுகிற மாதிரி. அந்த ஆட்டம்தான் தோலை அரைக்கிறது. நீ எந்தத் துணி போட்டாலும் அரைக்கும்.

இன்னொன்று, சீட்டின் மூக்கு. நூற்றுக்குப் பத்து ஏறுகிற சாலையில் வண்டியே கிட்டத்தட்ட ஆறு டிகிரி பின்னால் சாய்கிறது. தரையில் மட்டமாக வைத்த மூக்கு ஏற்றத்தில் மேலே நிமிர்ந்து குத்தும். ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி கீழே இறக்கி வை. அதற்குமேல் இறக்கினால் முன்னால் சறுக்கிக் கை வலிக்கும். ஆலன் கீ ஒன்று போதும், செலவு கிடையாது.

நான் மலை ஏறியது பஸ்ஸில்தான் என்று குன்னூர்க்காரர் சொல்லுவார். சொல்லட்டும்.

ஹேர்பின்பைத்தியம், செவ்வாய்

சொல்லவில்லை ஐயா. மூக்கு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேர்வையும் தொடை உரசலும் சீட்டால் தீராது.

பேரிஜம்_பனி (கொடைக்கானல்), புதன்

தடிமன் பேட் கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டீர்கள், அதற்கு மட்டும் பதில்.

தடிமன் கூடினால் சுகம் கூடாது. மென்மையான நுரை கனமான ஆளின் கீழே அரை மணியில் தட்டையாகிவிடும், மிச்சம் பக்கவாட்டில் பிதுங்கி மடியும். நீங்கள் 'கயிறு' என்றது அதுதான். பார்க்க வேண்டியது அடர்த்தி. சில கம்பெனிகள் 80, 120 என்று எண் போடுவார்கள், ஒரு கன மீட்டர் நுரைக்கு அத்தனை கிலோ என்று அர்த்தம். உட்காரும் எலும்பு படுகிற இடத்தில் அடர்த்தியாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கிற பேட் நல்லது. விரலால் அழுத்தினால் உடனே அடியைத் தொடக் கூடாது.

நின்று பார்த்தால் டயப்பர் கட்டிய குழந்தை மாதிரி இருக்கும், குனிந்தால்தான் சரியாகும். கடைக் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று 'டைட்டாக இருக்கிறது, ஒரு அளவு பெரிசு கொடுங்கள்' என்று கேட்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. நானும் செய்தேன். பெரிசான ஷார்ட்ஸில் பேட் தோலோடு ஒட்டாது, தனியாக நகரும்.

பேட்டுக்கு 'ஷாமி' என்று பேர் வந்த கதை தெரியுமா? ஐரோப்பிய மலைகளில் வாழும் ஒரு ஆட்டின் பேர் அது, நம் வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அந்தக் காலத்தில் அதன் தோலைத்தான் தைத்தார்கள். துவைத்துக் காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைக்கும், இளக்க கிரீம் தடவினார்கள். இன்று பேட் செயற்கை நுரை, கிரீம் தோல் உரசலுக்காகத் தடவுகிறோம்.

தேயிலைத்தொப்பை, புதன்

கிரீமுக்குப் பதில் தேங்காய் எண்ணெய்?

பேரிஜம்_பனி, புதன்

24 டிகிரிக்குக் கீழே உறையும். கோத்தகிரி நவம்பரில் பாட்டிலிலிருந்து குச்சியால் குத்தி எடுப்பீர்கள். உடம்புச் சூட்டில் இளகிவிடும், ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் கறை போகாது. பெட்ரோலியம் ஜெல்லியும் அப்படித்தான், துணியில் பிசுக்காக நிற்கும். கிரீமோ எண்ணெயோ, புண் ஆன இடத்தில் வேண்டாம்.

தேயிலைத்தொப்பை, ஞாயிறு

எல்லாருக்கும் நன்றி. நான் செய்தது இது.

தொப்புளைச் சுற்றி 46 அங்குலம். டேப்பை வீட்டுக்காரம்மா பிடித்தார், மறுபடியும் சிரித்தார்.

பழையசெயின் ஐயா சொன்ன குதிகால் சோதனையில் இடுப்பு இறங்கியது. சீட்டை ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கினேன், மூக்கையும் கொஞ்சம். பிறகு படிக்கட்டில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுந்தேன், உட்காரும் எலும்பு இரண்டு குழி போட்டது. நடுவிலிருந்து நடுவுக்கு 12 சென்டிமீட்டர். இந்த உடம்புக்கு இருபதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் போனபோது மூன்று ஷார்ட்ஸ் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தேன். கடைப் பையன் என்னவோ நினைத்திருப்பான். பிப் 3எக்ஸ்எல் வயிற்றில் சொகுசு, ஆனால் பட்டி தோளில் அறுத்தது, மலைச்சாரல் சொன்ன மாதிரியே. அகல இடுப்புப் பட்டை வைத்த நீளக் காலை எடுத்துக்கொண்டேன். நேற்று ஜட்டி இல்லாமல், ஒரு மணி நேரம். தொடை தப்பித்தது. உட்காரும் எலும்பு வலிக்கிறது, ஆனால் உடற்பயிற்சி செய்த வலி மாதிரி.

ஹேர்பின்பைத்தியம், ஞாயிறு

வேறு கம்பெனி பிப்பில் பட்டி நீளமாக வரும் அண்ணா. ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்சி மாறாதீர்கள். இப்போது ஒரு மணி நேரம்தான் போகிறீர்கள். மேட்டுப்பாளையம் இறங்கி ஏறும் நாளில் என்னை நினைப்பீர்கள்.

மலைச்சாரல், ஞாயிறு

வலிக்கும் மரத்துப்போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்பக்கம் மரத்துப்போனால் நரம்பு அழுந்துகிறது, உடனே இறங்கி நில்லுங்கள், தொடர்ந்தால் சீட்டை மாற்றுங்கள். சர்க்கரை பார்டர் என்பதால் கொப்புளம் வந்தால் அதன்மேல் ஓட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் டீ குடிக்கிறதுக்கு முன்னாடி ஷார்ட்ஸைக் கழற்றுங்கள்.

தேயிலைத்தொப்பை, செவ்வாய்

இதை யாரும் சொல்லவில்லையே. நேற்று துவைத்துப் போட்ட ஷார்ட்ஸ், 30 மணி நேரம் ஆகிறது, பேட் இன்னும் நனைந்த பஞ்சு. வெளியே மூன்று நாளாக மழையும் மூடுபனியும். கணப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடப் போனேன்.

பேரிஜம்_பனி, செவ்வாய்

வேண்டாம்! நெருப்புச் சூட்டில் எலாஸ்டிக் செத்துவிடும், நுரை விறைக்கும். துண்டில் சுருட்டி, அந்தத் துண்டின்மேல் ஏறி நின்று மிதியுங்கள், தண்ணீர் துண்டுக்குப் போகும். பிறகு பேட் வெளியே தெரிய உள்புறம் திருப்பி, ஃபேன் காற்றில் போடுங்கள். வாசனைக்கு என்று துணி கண்டிஷனர் ஊற்றாதீர்கள், வேர்வையை உறிஞ்சுவது நின்றுபோகும். மலையில் இருப்பவருக்கு ஒரு ஷார்ட்ஸ் போதாது, ரெண்டு வேண்டும்.

ஹேர்பின்பைத்தியம், செவ்வாய்

ரெண்டாவது பிப்.

தேயிலைத்தொப்பை, செவ்வாய்

மாசக் கடைசி. நாளைக்குக் காலை மழை விட்டால் ஓட்ட வேண்டும், போட ஒன்றும் இல்லை. பழையசெயின் ஐயா, வேட்டியிலேயே கிளம்பிவிடட்டுமா?

பழையசெயின், செவ்வாய்

தாராளமாக. வலது பக்கத்தை இறுக்கிச் செருகு, செயினில் மாட்டும்.