புதுப்பிப்பு: தனுஷ்கோடி படத்தில் அய்யா ஒருவழியாக நின்றுவிட்டார்

போன மாதம் கேட்டிருந்தேன்: அய்யாவின் பழைய ஸ்டுடியோ படத்தை வெட்டி, தனுஷ்கோடி தேவாலய இடிபாட்டின் முன் நாங்கள் நிற்கும் படத்தில் சேர்த்தால் அட்டையில் வெட்டிய கட்அவுட் மாதிரி நிற்கிறாரே என்று. (1964 புயலுக்கு முன் அங்கே ரயிலில் போய் இறங்கியவர் அவர்.) வெளிச்சத்தின் திசையைப் பாருங்கள் என்றீர்கள். அதேதான்.

அவர் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம், எங்கள் மேல் வெயில் வலப்பக்கம். சோம்பலில் அவரைக் கண்ணாடி போலத் திருப்பிப் போட்டேன். அப்பத்தா ஒரே பார்வையில், "ஏப்பா, சட்டைப்பை வலது பக்கம் போயிருச்சே?" என்றார். சரி என்று மறுபடி பஸ் ஏறி, சாயங்கால வெயிலில் எங்களைத்தான் புதிதாக எடுத்து வந்தோம்.

அடுத்து உயரம். கடலின் தொடுவானக் கோடு எங்கள் நெஞ்சை வெட்டியது, அவருக்கோ இடுப்பை. அவரைச் சற்றுச் சிறிதாக்கி, பாதத்தை எங்கள் வரிசை மணலுக்கு ஏற்றியதும் கோடு அவர் நெஞ்சுக்கும் வந்தது.

நிழல்தான் இரண்டு ராத்திரியைத் தின்றது. தனி லேயரில் (படத்தின் மேல் இன்னொரு அடுக்கு), கீழே இருப்பதை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில், செருப்பை ஒட்டிக் கறுப்பாகவும் கூர்மையாகவும், தள்ளிப் போகப் போக மங்கலாகவும் வரைய வேண்டியிருந்தது. மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்பதால் தாடைக்குக் கீழேயும் லேசாக வெளிறவிட்டேன்.

நிறத்துக்குக் குறுக்கு வழி: முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கி, கடைசியில் எல்லார் மேலும் ஒரே அளவு கிரெய்ன் (பழைய ஃபிலிம் படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்).

பிரேம் போட்டு மாட்டியாகிவிட்டது. அப்பத்தாவுக்கு இப்போது ஒரே குறை, அவரைத் தன் பக்கத்தில் நிறுத்தவில்லையாம்.