வெள்ளைப் பின்னணி, ஃபிளாஷ் இல்லாத போர்ட்ரெய்ட்: கண்குழி இருட்டுக்கு வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் எடுத்த முகங்களுக்கு நிழல், வெள்ளைத் தாள், 8×10 அங்குல ஃபிலிம் கேமரா இவையே போதுமாக இருந்தன. அதை அப்படியே நகலெடுக்காமல், நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பொருந்தும் பாணியாக வளர்த்தெடுக்க உதவி வேண்டும்.

இப்போதைய அமைப்பு: கிழக்குப் பார்த்த சுவரின் நிழல், பின்னால் 6 அடி அகல வெள்ளைத் தாள், மாலை 4 மணி, 85 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6 (லென்ஸ் திறப்பு), ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்).

வெள்ளைத் தாளைப் பார்த்து கேமராவின் ஒளி மீட்டர் ஏமாறுகிறது, முகம் இருண்டுவிடுகிறது. எக்ஸ்போஷரை 1⅓ ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டினால் தோல் சரியாகிறது, ஆனால் தாள் வெளிறி முடியின் ஓரத்தைத் தின்றுவிடுகிறது. ஆளை 5 அடி முன்னால் நிறுத்தினால் இது குறையும். ஆனால் அப்போது 6 அடித் தாளின் அகலம் போதுவதில்லை.

பெரிய சிக்கல் கண்கள். நிழலில் வெளிச்சம் மேலிருந்தே இறங்குவதால் கண்குழி கறுத்து, விழியில் ஒளிப்புள்ளியே இல்லை. ஒளியை மேலே திருப்ப மடி உயரத்தில் வெள்ளைத் தெர்மகோல் பிடித்தால் மூக்கின் அடிப்பக்கம் வெளுத்து முகம் பேய்த்தனமாகிறது. நிழலின் விளிம்புக்கு நகர்த்தினால் கண் திறக்கிறது. ஆனால் வெயில் பட்ட செம்மண் தரையின் சிவப்பு தாடையில் ஏறுகிறது.

தரையில் என்ன விரிக்கிறீர்கள்? கன்னத்துக்கு வடிவம் தர, பக்கவாட்டில் கறுப்புத் துணியை எத்தனை அடியில் கட்டுகிறீர்கள்? 9 அடி அகலத்தில் மடிப்பு விழாத, பளபளப்பில்லாத (மேட்) வெள்ளைத் துணி எங்கே கிடைக்கும்? படத்தோடு செட்டிங்கும் போட்டால் பேருதவி.