அவன் படிக்க மாட்டேன் என்கிறானா, படிக்க முடியவில்லையா?

ஒன்பது வருடமாக மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளத்துக்கு அல்ல, ஆசைக்குத்தான். அதில் என் எண்ணத்தையே மாற்றிய ஒரு பையனைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு பிள்ளையைத் தெரிந்திருந்தால் கீழே சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்பு. "சரியான சோம்பேறி. புத்தகத்தை எடுத்தாலே தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவான்" என்று சொல்லித்தான் அவன் அம்மா கொண்டுவந்து விட்டார். முதல் வாரம் நானும் அதையே நம்பினேன். இரண்டாம் வாரம் கிரகணம் எப்படி உண்டாகிறது என்று வாயால் விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் அவன், "அப்படின்னா மாசா மாசம் கிரகணம் வரணுமே, ஏன் வரலை?" என்றான். நிலா சுற்றும் பாதை 5 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கிறது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு உள்ளங்கைகளையும் சாய்த்து வைத்து, நிழல் எங்கே தப்பிப் போகும் என்று காட்டினான்.

அதே பாடத்தைப் புத்தகத்தில் வாசிக்கச் சொன்னேன். 'நிழல்' என்பதை 'நிலம்' என்றான், 'சாய்வு' என்பதைச் 'சாவி' என்றான். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். கஷ்டப்பட்டு எழுத்துக்கூட்டிய ஒரு சொல் அடுத்த வரியிலேயே வந்தால், அதை முதன்முறை பார்ப்பதுபோல மறுபடி கூட்டுகிறான். உடனே தண்ணீர் தாகம். இத்தனை நாள் அந்தத் தாகத்துக்குத்தான் அவனைத் திட்டியிருக்கிறோம்.

பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் காட்டச் சொன்னேன். டிஸ்லெக்சியா என்றார். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் வரும் சிரமம் அது. அறிவுக் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. மருந்து கிடையாது. எழுத்து ஒலிகளைப் படிப்படியாகத் திரும்பத் திரும்பப் பழக்குவதும், தேர்வில் கூடுதல் நேரம் கொடுப்பதும்தான் உதவும்.

அப்புறம் பள்ளிக்குப் போனோம். முதல் சந்திப்பைக் கெடுத்தது நான்தான். "இத்தனை வருடம் யாருமே கவனிக்கவில்லையா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறுகிற ஆசிரியையிடம் அப்படிக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நின்றுவிட்டது.

அடுத்த முறை மூன்றே விஷயங்கள் கேட்டோம். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லி அவனை எழுப்பக் கூடாது. கேள்வித்தாளை ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். அறிவியலில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. இந்த முறை பையனையும் கூட்டிப் போயிருந்தோம். அவனாகவே பேசினான்: "என் முறை எப்ப வரும்னு வரிகளை எண்ணிக்கிட்டே இருப்பேன் மிஸ். அதனால பாடம் காதுல விழாது." ஆசிரியை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லிச் சொல்லி நடக்காதது அவன் சொன்ன இரண்டு வரியில் நடந்தது. தன்னைப் பற்றிய விஷயங்களில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நான் பிறகுதான் படித்தேன். முதல் சந்திப்புக்கு அவன் இல்லாமல் போனது தப்பு.

முதல் இரண்டு கோரிக்கைகள் உடனே கிடைத்தன. மூன்றாவதற்கு ஒரு வருடம் ஆனது.

* * *

அக்கா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. என் மகளுக்கு ஐந்து வயதில் இதே மாதிரி ஒன்று நடந்தது. "கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதைக் கேட்பதில்லை" என்று தினமும் புகார். சில வாரங்கள் நன்றாக இருப்பாள், சில வாரங்கள் எங்கோ இருப்பாள். அதனால் பிடிவாதம் என்றே முடிவுகட்டிவிட்டோம். கடைசியில் பார்த்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருமாம். வலிகூட இருக்காது. சளி பிடிக்கும்போது கூடும், பிறகு குறையும், கேட்கும் திறனும் அதோடு ஏறி இறங்கும். தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. எங்கள் மருத்துவர் கொஞ்ச காலம் பார்த்திருப்போம் என்றார், தானாகச் சரியானது. அதுவரை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவளைத் திட்டிய நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

* * *

நான் ஆசிரியர். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். வருடத் தொடக்கத்தில் முந்தைய வகுப்பு ஆசிரியர் பெயர்ப்பட்டியலைத் தரும்போது, கூடவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அடைமொழியையும் தந்துவிடுவார்: "இவன் தேறமாட்டான்", "அவள் பரவாயில்லை". நானும் அப்படித் தந்திருக்கிறேன். ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், குருட்டாம்போக்கில் பொறுக்கிய சில பிள்ளைகளை "இவர்கள் மலரப்போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியதாக எழுதினார்கள். அந்த முடிவைப் பற்றிப் பிறகு நிறைய விவாதம் நடந்தது. ஆனாலும் படித்த அன்று எனக்குச் சுருக்கென்றது. இப்போதெல்லாம் முதல் மாதம் முடியும்வரை அடைமொழியைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா, நீங்கள் இரண்டாம் முறை கேட்டீர்களே, அதுதான் எங்களுக்கு வேண்டியது. என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னால் நாங்கள் செய்வோம்.

* * *

நான் கல்லூரி இரண்டாம் வருடம். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்து முறை படித்தாலும் மறந்துவிடும். எனக்கு மூளையே இல்லை என்று அழுவேன். நூலகத்தில் ஒரு அண்ணன் புத்தகத்தை மூடிவைத்து, "நினைவிருப்பதை மட்டும் எழுது" என்றார். முதல் நாள் நான்கு வரிதான் வந்தது. விட்டதைப் பார்த்துவிட்டு, மூன்று நாள் கழித்து மறுபடி எழுதச் சொன்னார். மறுபடி மறுபடி வாசிப்பதைவிட இப்படி நினைவுபடுத்திப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்று ஆய்வுகளே இருக்கின்றன. அது அவருக்குத் தெரியுமோ என்னவோ, ஆனால் மூன்று மாதம் தினமும் எனக்காக உட்கார்ந்தார்.

* * *

எல்லோருக்கும் நன்றி. அவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன தேர்வில் மேற்பார்வையாளர் கூடுதல் நேரத்தை மறந்துவிட, அவனே எழுந்து கேட்டு வாங்கியிருக்கிறான். அடுத்த வருடம் கேள்வித்தாள் வாசித்துக் காட்ட ஆள் கிடைப்பார்களா என்பது மட்டும் கவலையாக இருக்கிறது. இதை யாராவது சமாளித்திருந்தால் எழுதுங்கள்.