கடைசி செமஸ்டரிலும் கை நடுங்குகிறது

கடைசி_பெஞ்ச்:
பி.எஸ்சி நர்சிங் முடிய இன்னும் மூன்று மாதம். 500 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமா? ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் நிமிடத்துக்கு 21 சொட்டு. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நானே நோயாளியின் கையில் குத்திப் போட்ட கேனுலாக்களை (சலைன் ஏற்றும் சின்னக் குழாய்) விரல் விட்டு எண்ணிவிடலாம். செய்து பழகியதைக் குறிக்கும் லாக்புக்கில் மட்டும் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து. உங்களுக்கும் இப்படித்தானா?

பழைய_சிஸ்டர்:
யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள்மா. நாங்கள் சீனியர் பின்னாலேயே சுற்றி, கேட்டு வாங்கிச் செய்தோம். இப்போது வருகிறவர்கள் ஓரமாகக் கூடி, நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று எழுதும் கேர் பிளானைக் காப்பி அடிக்கிறார்கள்.

கடைசி_பெஞ்ச்:
கேட்காமலா இருக்கிறோம் அக்கா? ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கிறோம். நோயாளியின் மனைவி, "படிக்கிற பிள்ளை குத்த வேண்டாம், பெரிய சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

டியூட்டர்_மேடம்:
கேனுலா சண்டையை விடுங்கள், வார்டில் ஒரு மாதம் நின்றால் அது வந்துவிடும். என் பயமே வேறு. இரவு 2 மணி, பிபி இறங்குகிறது, டியூட்டி டாக்டரை எழுப்ப வேண்டும். போனில் முதல் வார்த்தை என்ன? எங்கள் பிள்ளைகள் பலர் அந்தப் போனை ஒருமுறைகூட எடுத்ததில்லை. 2021இல் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப், 22 வாரம். ஒழுங்காக நடந்தால் பாதி பயம் போய்விடும்.

பழைய_சிஸ்டர்:
அந்த "நடந்தால்"தான் மேடம் பிரச்சினை! சில இடங்களில் ஆள் பற்றாக்குறைக்கு இவர்களைத்தான் நிறுத்துகிறார்கள். விரிப்பு மாற்று, லேபுக்கு ஓடு, முடிந்தது.

டியூட்டர்_மேடம்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "நான் ரெடி" என்று நெஞ்சை நிமிர்த்தி வருகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயம். நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984லேயே, ஒரு நர்ஸ் தேர்ச்சி பெறுவதற்கு ஐந்து படி சொன்னார். புதிதாகப் பட்டம் வாங்கியவர் இரண்டாவது படி. மூன்றாவதுக்கே அதே வேலையில் இரண்டு மூன்று வருடம் ஆகும்.

கடைசி_பெஞ்ச்:
சரி மேடம், வேலை கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டாமா? என் சீனியரை மூன்றாம் நாளே நைட்டில் தனியாகப் போட்டுவிட்டார்கள்.

பழைய_சிஸ்டர்:
அது அநியாயம்தான், மறுக்கவில்லை. நீ ஒன்று செய். இந்த வாரம் ஒரு நைட் கேட்டு வாங்கு. சிஸ்டர் போனில் பேசும்போது பக்கத்தில் நின்று கேள்.

கடைசி_பெஞ்ச்:
ஹாஸ்டலில் விட மாட்டார்கள் அக்கா. எங்களுக்கு நைட்டே கிடையாது.