உயிர் கடன் வாங்கினது யாரு? கேம் சண்டை அனுபவங்கள்

கேசட்டூதி:
பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா பரண்ல பித்தளைப் பானை தேடினப்ப எங்க டிவி கேம் பெட்டியும் கூடவே கீழ வந்துச்சு. ரிமோட் ரெண்டு, மஞ்சக் கேசட்டு ஒண்ணு. லேபிள்ல 9999999 இன் 1னு போட்டிருக்கும். உள்ள இருக்கிறது என்னமோ விரல் விட்டு எண்ற அளவு கேம்தான், அதையே வேற வேற ஸ்டேஜ்ல இருந்து தொடங்குற மாதிரி வெச்சு லிஸ்ட்டை இழுத்திருப்பான்.

பெட்டியைப் பார்த்ததும் இருபத்தஞ்சு வருஷப் பழைய சண்டை திரும்ப ஆரம்பிச்சிருச்சு. கான்ட்ரா, ரெண்டு பேர் சேர்ந்து எதிரிகளைச் சுட்டுக்கிட்டே போற கேம். அண்ணன் நீல பேன்ட், நான் சிவப்பு பேன்ட். மூணாவது ஸ்டேஜ் அருவி ஞாபகம் இருக்கா? பாறை பாறையா மேல ஏறணும். ஒருத்தன் ஏறினா ஸ்கிரீனும் கூடவே ஏறும், கீழ நிக்கிறவன் ஸ்கிரீனை விட்டு வெளிய போனா செத்தான். எதிரி சுடவே வேணாம், கூடப் பொறந்தவன் போதும். நான் ஒரு பாறையில நின்னு மேல இருந்து விழற கல்லைப் பார்த்துத் தயங்குவேன், அதுக்குள்ள அண்ணன் ரெண்டு பாறை தாண்டியிருப்பான். எனக்கு ஒரு உயிர் போயிரும்.

அதுகூடப் பரவால்ல. அவனோட உயிர் தீர்ந்ததும் பட்டனைத் தட்டி என் கணக்குல இருந்து ஒண்ணை எடுத்துக்குவான். கேம்லயே அந்த வசதி இருக்கு, தப்பு சொல்ல முடியாது. ஆனா கேட்கணும்ல? பட்டனை ஒரு வரிசையில தட்டினா 30 உயிர் தர்ற ரகசியக் கோடு போட்டு ஆடின ஒரு சனிக்கிழமை மட்டும் என்கிட்ட 11 உயிர் வாங்கினான். இன்னைக்கு வரைக்கும் திருப்பித் தரல. பொங்கலன்னைக்கு சாப்பிடும்போது இதை எடுத்தேன், "நீ என்ன வட்டிக்கடையா வெச்சிருந்த"ன்னு கேட்டான். இப்ப மஸ்கட் போயிட்டான்.

கேம்ல ஆரம்பிச்சு எங்கெங்கயோ போன சண்டை உங்களுக்கும் இருக்கும். சொல்லுங்க.

மலைக்கோட்டை மாரியோ:
உங்க அண்ணன் கடன் வாங்கினாரு. எங்க மாமா பையன் சேர்த்து வெச்சே அழிஞ்சான்.

மாரியோல 3-1 ஸ்டேஜ் கடைசியில படிக்கட்டு இருக்கும்ல, மேல இருந்து ரெண்டு ஆமை இறங்கி வரும். ஒண்ணைச் சரியான படியில மடக்கி மிதிச்சா ஓடு படியில மோதித் திரும்பித் திரும்பி வரும், மாரியோ அதே எடத்துல டங்கு டங்குன்னு குதிச்சிட்டே இருப்பான். கொஞ்ச நேரத்துல மிதிக்கு ஒரு உயிர். அவன் மத்தியானச் சோறுகூட வேணாம்னு மிதிச்சான். எண்ணிக்கை பத்தைத் தாண்டினதும் நம்பருக்குப் பக்கத்துல கிரீடம் வந்துச்சு, அப்புறம் என்னென்னமோ கோலம். "இனி சாவே கிடையாதுடா"ன்னு தெரு முழுக்கச் சொல்லி ஆறு பசங்களைக் கூட்டிட்டு வந்தான். வந்து உக்காந்து, அடுத்த ஸ்டேஜ்ல முதல் தடவை செத்தான். கேம் ஓவர்.

ஆறு பேரும் அவனையே பார்த்தாங்க. டிவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணான். கேசட்டைக் கழட்டி ஊதினான். "நீங்க எல்லாம் கண்ணு வெச்சுட்டீங்க"ன்னு சொன்னதுல ஒரு வாரம் யாரும் அவன்கூடப் பேசல. எங்க அத்தை நெசமாவே டிவிக்கு மொளகா சுத்திப் போட்டாங்க.

காலேஜ்ல 8 பிட் எண் பத்திப் பாடம் நடந்த அன்னைக்குத்தான் எனக்கு விஷயம் புரிஞ்சது. எண்ணிக்கை 127ஐத் தாண்டினா மைனஸ் பக்கம் போயிருது. செத்ததும் மெஷின் பார்த்துட்டு, இவன்கிட்ட உயிரே இல்லன்னு முடிவு பண்ணிருது. நூத்தி இருபத்தேழோட நிறுத்தியிருந்தா அவன் ராஜா. அந்த கிளாஸ்ல சத்தமா சிரிச்சு வெளிய நின்னேன்.

எடி எடுக்காதே:
முதல்ல ஒண்ணு தெளிவாகட்டும். 30 உயிர் கோடு போட்டதே அழுகுணி ஆட்டம். அதுல வந்த உயிரைக் கடன் கொடுத்தேன்னு அழறது இன்னொரு அழுகுணி ஆட்டம். மூணு உயிர்ல எட்டு ஸ்டேஜையும் முடிச்சவன் யாராவது இருந்தா பேசுங்க.

கேசட்டூதி:
வந்துட்டாரு தர்மராஜா. மேல மேல கீழ கீழ, இடது வலது இடது வலது, பி ஏ. இதைக் கண்டுபிடிச்சது நாங்க இல்லைங்க. கான்ட்ராவைப் பண்ண கோனாமி கம்பெனியில கஸுஹிஸா ஹாஷிமோட்டோன்னு ஒருத்தர். கிரேடியஸ் கேமை வீட்டு மெஷினுக்கு மாத்துறப்ப சோதிச்சுப் பார்க்கணும், ஆனா அவராலயே கேமைத் தாண்ட முடியல. அதனால தனக்காக இந்தக் கோடைப் போட்டாரு, 1986ல கேம் வெளிய வந்தப்ப அதுவும் கூடவே வந்துருச்சு. சமைச்சவரே காரம் தாங்காம தண்ணி குடிச்சிருக்காரு, நாங்க குடிச்சா தப்பா? 2020 பிப்ரவரியில அவர் இறந்தாரு. அன்னைக்கு அண்ணன் எனக்கு அனுப்பின மெசேஜ்ல ஒரு வார்த்தை இல்ல, அம்புக்குறியா இருந்துச்சு.

எடி எடுக்காதே:
சரி, அந்தக் கதைக்காக ஒரு உயிர் தள்ளுபடி.

என் பேரு ஏன் இப்படின்னு கேட்கிறவங்களுக்கு: எங்க தெரு பிளேஸ்டேஷன் கடையில மணிக்கு 20 ரூபா, டெக்கன் 3ன்னு ஒத்தைக்கு ஒத்தை சண்டை கேம். தோத்தவன் எழுந்திரிக்கணும். அதுல எடின்னு ஒரு ஆளு, கபொய்ரான்ற பிரேசில் சண்டை நடனம் ஆடுவான். ரெண்டு உதை பட்டனை மாத்தி மாத்தி அழுத்தினாப் போதும், கரண்டு அடிச்ச மாதிரி சுத்திச் சுத்தி உதைப்பான். நாங்க நோட்டு போட்டு காம்போ மனப்பாடம் பண்ணிட்டு வருவோம், அஞ்சாங்கிளாஸ் பொடியன் ஒருத்தன் எடியை வெச்சு எல்லாரையும் எழுப்பி விட்டுட்டான். மறுநாள் கடைக்கார அண்ணன் அட்டையில எழுதித் தொங்கவிட்டாரு: "எடி எடுக்கக் கூடாது. கடன் கிடையாது." இதுல எது முதல்ல வரணும்னு ஒரு சண்டை.

ரெண்டாவது ரிமோட்:
தங்கச்சியாப் பொறந்தவங்க சார்பா ரெண்டு வார்த்தை. ரெண்டாவது ரிமோட்டுல ஸ்டார்ட் பட்டனே இருக்காது, கவனிச்சீங்களா? கேமைத் தொடங்குற உரிமையும் நிறுத்துற உரிமையும் அண்ணன்களுக்குத்தான். நான் சிறு வயசுல அதை வீட்டுச் சட்டம்னே நம்பினேன்.

ஆனா வாத்து சுடுற கேம்ல மட்டும் கதை மாறும். எங்க பெட்டியில துப்பாக்கியைச் சொருகணும்னா ரெண்டாவது ரிமோட்டைக் கழட்டணும். அப்ப முதல் ரிமோட் சும்மா கிடக்கும். ஒத்தை வாத்து வர்ற ஆட்டத்துல அந்த ரிமோட்டை அழுத்தினா வாத்து நாம சொல்ற பக்கம் பறக்கும்! தற்செயலாத்தான் கண்டுபிடிச்சேன். போர்வைக்குள்ள ரிமோட்டை வெச்சுக்கிட்டு ஒரு கோடை லீவு முழுக்க அண்ணனைச் சுடவே விடல. வாத்து தப்பிக்கும், நாய் எழுந்து சிரிக்கும், நானும் சிரிப்பேன். துப்பாக்கி ரிப்பேர்னு அப்பாவை ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் அலைய விட்டான். கடைக்காரர் நல்லாத்தான் இருக்குன்னு திருப்பிக் கொடுத்தாரு.

போன வருஷம் சொன்னேன். ரெண்டு நாள் போன் எடுக்கல. அவருக்கு இப்ப 41 வயசு.

ஒண்ணாம் நம்பர் கூண்டு:
எங்களுது கடலூர். 2005 வாக்குல பிரவுசிங் சென்டர், மணிக்கு 15 ரூபா, வைஸ் சிட்டின்னு ஊர் சுத்திச் சுடுற கேம். எங்க செட்ல மிஷன் எவனும் பண்ண மாட்டான். பேன்சர்னு டைப் அடிச்சு டேங்க் வரவழைச்சு ஊரைப் பொசுக்குவோம், அவ்வளவுதான். ஆனா பாலத்தைத் தாண்டி அடுத்த தீவுக்குப் போக முடியாது, தடுப்புக் கட்டை வெச்சிருப்பான். புயல் எச்சரிக்கைன்னு காரணம்.

அங்க தொடங்குச்சு. ஒருத்தன் கேட்டான், "எத்தனையாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கான்?" துறைமுகம் இருக்கிற ஊர், எங்களுக்கு அது விளையாட்டுக் கேள்வி இல்ல. பாலத்தையே மூடிட்டான்னா பத்தாம் நம்பர்தான்னு ஒரு கட்சி. வானம் வெளிச்சமா இருக்கு, பீச்ல ஆள் நடமாட்டம் இருக்கு, ஒண்ணாம் நம்பர்தான்னு இன்னொரு கட்சி. சென்டர் அண்ணனோட அப்பா கடலுக்குப் போறவரு. அவரை உள்ள கூட்டி வந்து உக்கார வெச்சோம். கேம் ஹீரோ டாமியை நிறுத்திட்டுக் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. "அலையே இல்லையேப்பா, இவன் பொய் சொல்றான்"னாரு.

புயல் கரையைக் கடந்ததும் பாலம் திறக்கும்னு நம்பி ஒருத்தன் ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தான். 30 ரூபா. ஹெலிகாப்டர்ல உக்காந்து சுடுற 'நாம் பென் 86' மிஷனை முடிச்சாத்தான் பாலம் திறக்கும்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. இன்னும் எங்க வாட்ஸாப் குரூப் பேரு "கூண்டு". மழைக்காலத்துல சேர்ற புது ஆளுங்க வானிலை குரூப்னு நினைச்சுக்கிறாங்க.

வெள்ளவத்தை டேவ்:
நான் யாழ்ப்பாணம். நீங்கள் கேசட்டை ஊதின காலத்தில எங்கட பக்கம் கரண்டே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்ட ஆக்கள் நாங்கள். 98ல கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில மாமா வீட்டை நிக்கேக்கைதான் முதன்முதலா கம்ப்யூட்டர்ல டேவ் எண்ட கேம் பாத்தனான். மச்சாள் பக்கத்தில இருந்து சொல்லித் தந்தவ: "கோப்பையை எடுத்தாத்தான் கதவு திறக்கும்." அதே நேரம் குசினிக்குள்ள இருந்து மாமி: "கோப்பையை எடுத்துக் கழுவிப்போட்டு விளையாடு!" எனக்கு இவையள் ரெண்டு பேரும் ஒண்டைத்தான் சொல்லீனம் எண்டு விளங்கிச்சுது.

இந்தியாவில இருக்கிற ஆக்களுக்கு: எங்கட ஊரில கோப்பை எண்டா சாப்பிடுற தட்டு.

எடி எடுக்காதே:
மாமி சொன்னதுதான் சரி. தட்டைக் கழுவாம எந்தக் கதவும் திறக்காது.

பொச்சிங்கி பரோட்டா:
2020 லாக்டவுன், பப்ஜி, நாலு பேர் ஸ்குவாடு. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்ல. நான் சேலம், ஒருத்தன் ஆம்பூர், ஒருத்தன் திண்டுக்கல், நாலாவது ஆளு மைக்கே போடாதவன். ஆடுற எல்லை சுருங்கிச் சுருங்கிக் கடைசி வட்டம், எதிர்ல ரெண்டே பேர். திண்டுக்கல் சொன்னான், "ஜெயிச்சா நைட்டு பிரியாணி." ஆம்பூர் கேட்டான், "எந்த அரிசி?" முடிஞ்சது. சீரகச் சம்பான்னு இவன் சொல்ல, கத்திரிக்காய் இல்லாம என்னடா பிரியாணின்னு அவன் சொல்ல, வட்டம் சுருங்கறது யாருக்கும் தெரியல. மைக் போடாதவன் மட்டும் தனியா நின்னு சுட்டுச் செத்தான். அன்னைக்குத்தான் முதல் தடவையா மைக் போட்டான். அவன் சொன்னதை இங்க எழுத முடியாது.

செப்டம்பர் 2ஆம் தேதி தடை பண்ண 118 செயலிகள்ல பப்ஜியும் ஒண்ணு, அக்டோபர் கடைசியில சர்வரும் போச்சு. ஆனா ராத்திரி ஒன்பதரைக்குக் கான்ஃபரன்ஸ் கால் மட்டும் நிக்கல. கேம் இல்லாமலே சண்டை. 2022ல ஆம்பூர்க்காரன் கல்யாணத்துலதான் முதல் தடவை நேர்ல பார்த்தோம். திண்டுக்கல்காரன் வாயைத் திறக்காம மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டான். நாங்க மூணு பேரும் அவனையே பார்த்துட்டு இருந்தோம். "பசி"ன்னான்.

மலைக்கோட்டை மாரியோ:
ரெண்டு பேருமே தோத்தாங்க. பிரியாணின்னா...

ரெண்டாவது ரிமோட்:
வேணாம். தயவு செஞ்சு வேணாம். அதுக்குப் பதிலா யாராவது சொல்லுங்க, கேசட்டை ஊதினா நெசமாவே வேலை செஞ்சுதா?

கேசட்டூதி:
என் பேரைக் காப்பாத்திக்க ஆமான்னு சொல்லணும். ஆனா இல்ல. கழட்டித் திரும்பச் சொருகுறப்ப கனெக்‌ஷன் சரியா உக்காரும், பேர் மட்டும் ஊதினதுக்குப் போகும். எச்சில் ஈரம் பட்டுப் பட்டு பின் துருப்பிடிச்சதுதான் மிச்சம், நின்டெண்டோவே ஊதாதீங்கன்னு சொல்லியிருக்கு. பரண்ல இருந்து எடுத்த கேசட்டு பின்னெல்லாம் பச்சையா இருக்கு.

இந்தப் பதிவையெல்லாம் அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். இப்பத்தான் வாய்ஸ் நோட் வந்துச்சு, பின்னாடி ஏசி சத்தம் கேட்குது. "பதினொண்ணு இல்லடா, ஒன்பது. ரெண்டு நீ ஒண்ணுக்குப் போனப்ப உன் ஆளையும் சேர்த்து நான் ஆடினேன், அப்ப போனது. அது உன் கணக்கு."

நான் அன்னைக்கு எழுந்திரிக்கவே இல்ல. அம்மாவைக் கேட்கப் போறேன்.